ஏ. சூசைக்கு வந்த அழைப்பு

என் அன்பு அருள்நாதனுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. கொட்டாஞ்சேனையில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் ஒதுங்கி நிற்கச் சொல்கிறார்கள். உங்கள் படையில் சார்ஜன்டாக இருந்து செத்தவன் என் தம்பி என்பது வாய் வரை வரும். சொல்வதில்லை. நீ உயிரோடு இருந்தபோதே அக்கம்பக்கத்துக்கு மறைத்த விஷயம் அது.

தொண்டர் படைச் சிப்பாய் ஒருவன் கொமிஷன் பெற்று அதிகாரியாகலாம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. விதிப் புத்தகத்தைத் தேடி வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்தேன். வழி இருந்தது. குறித்த சேவைக்காலம் வேண்டும், கட்டளை அதிகாரியின் சிபாரிசு வேண்டும், பரீட்சையில் தேறி நேர்முகத்துக்குப் போக வேண்டும். வயதெல்லை உன்னை நெருக்கியது. அந்த ஒரு தடவைதான் உனக்கு மிச்சம். உன் மேஜர் சிபாரிசு எழுதினார். பரீட்சையும் எழுதினாய்.

விண்ணப்பத்தை நிரப்பியது நான். அதில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைச் சூசை என்று எழுதினேன். முன்னால் உன் பெயரின் ஆங்கில முதலெழுத்து, ஏ.

"அண்ணே, பதவி போடாமல் சாதாரண உறையில அனுப்பச் சொல்லியிருக்கிறன். என்ட பேருக்குக் கடிதம் வரும். வந்த உடனே முகாமுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுங்கோ" என்று சொல்லிவிட்டு வடக்கே போனாய். அருள்நாதன் என்ற பெயருக்காகத் தினமும் வாசலில் நின்றேன்.

ஒரு நாள் சிங்களத் தபால்காரன் பதிவுத் தபாலோடு வந்தான். என்னை அண்ணன் முறையில் அய்யே என்பான்.

"அய்யே, ஏ. சூசை மஹத்தயா இருக்காரா?"

அந்தோனி சூசை. நம் அப்பா. செத்த மனிதனை இன்னும் எந்த அரசாங்கக் கந்தோர் தேடுகிறது என்று எனக்கு எரிச்சல்.

"மாதம்பிட்டி மயானத்துக்குக் கொண்டு போ தம்பி. அவர் அங்க போய் ஆறு வருஷம்."

அவன் சிரித்தான். "அப்ப செத்துட்டார்னு எழுதுறேன். கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

விடுமுறையில் வந்து நீ கேட்டாய்: "ஒண்டும் வரேல்லையா அண்ணே?"

"வரேல்லை. தமிழன் எண்டால் இவ்வளவுதான். உனக்கு நான் முதலே சொன்னனான்."

நீ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நிமிரவில்லை. அதன்பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. மூன்று மாதத்தில் கண்ணிவெடி.

போன மாதம் உன் மனைவி மெற்றில்டாவின் விதவைப் பென்ஷன் விஷயமாக அவளைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனேன். அவள் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே, தமிழ் கதைக்கும் மலாய்க்கார எழுதுவினைஞர் ஒருவர் உன் கோப்பைப் புரட்டினார்.

"இவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்களே, அங்கிள். கடிதம் திரும்பி வந்திருக்கு. ஆள் செத்துட்டார்னு போட்டிருக்கு. அப்ப இவர் உயிரோடதானே?"

உறையின் முன்பக்கத்தில் ஏ. சூசை என்றிருந்தது. அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் என் கையெழுத்து.

அருள், உன்னை அழைத்திருந்தார்கள். பரீட்சையில் நீ தேறியிருந்தாய். யாருக்கும் வேண்டாதவன் என்று நினைத்துக்கொண்டே நீ போய்ச் சேர்ந்தாய். அது பொய். நேர்முகத்தில் தேறியிருந்தால், வெடித்த அந்த மாதம் நீ மலைநாட்டில் அதிகாரிப் பயிற்சியில் இருந்திருப்பாய். தேறியிருக்க மாட்டாயா? இதை யாரிடம் கேட்பேன்?

அவர்களையும் நான் விடப்போவதில்லை. செத்தவன் என்று உறை சொன்னது. உயிரோடு இருக்கிறான் என்று அவர்களுடைய வரவுப் புத்தகம் தினமும் சொன்னது. ஒருவனாவது எழுந்து போய்ப் பார்த்தானா? தமிழ்ப் பெயர் என்பதால் பார்க்கவில்லையா, சோம்பலா? எனக்குத் தெரியாது. முன்பு, தமிழன் என்பதால்தான் என்று, தெரிந்தவன்போல மூன்று மனு எழுதினேன். கோயில் முற்றத்தில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

வெளியே வந்தபோது மெற்றில்டா கேட்டாள்: "அண்ணை, அந்தக் கொமிஷன் விஷயம் ஏதும் இருந்ததா?"

"ஒண்டுமில்லை பிள்ளை."

அன்றிரவே அவள் உன் சீருடைப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள். "அவரை மதியாதவங்கட உடுப்பு எனக்கு எதுக்கு" என்றாளாம். நீ ஆசையாக எடுத்துக்கொண்ட படம் அது.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்; இது அச்சில் வருமுன் வெள்ளவத்தையில் மெற்றில்டாவின் வீட்டுக்குப் போவேன். உன்னை அழைத்தார்கள் என்பதையும், அந்த அழைப்பைத் திருப்பி அனுப்பியவன் நான் என்பதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். கதவைச் சாத்தினால், மாடிப்படியில் நின்று உரத்துச் சொல்லுவேன். அடுத்த வீட்டுக்காரர்களும் கேட்கட்டும். இனி மறைக்க எனக்கு எதுவும் வேண்டாம்.

என்னை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்காத,
உன் கூடப்பிறந்த மூத்தவன்.