நாலு விரல் ஓணான்

கண்ணு,

போனில் இதைச் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

ராஜஸ்தான் மணலில் நீ ஓணான் தேடுகிற படத்தை அனுப்பியிருந்தாயே, அதை அவருக்குக் காட்டினேன். போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நிச்சயம் பண்ணிய கல்யாணத்தை வேண்டாமென்று, ஓணான் ஆராய்ச்சிக்காக நீ ரயில் ஏறியதிலிருந்து இந்த வீட்டில் உன் பேச்சே கிடையாது.

மறுநாள் உசிலம்பட்டிச் சந்தைக்குப் போகாமல், நம் புஞ்சையில் கல்குவியலுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தார். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று ஓடினேன். கையைக் காட்டி நிறுத்தினார். கல் மேல் விரல் நீள உடம்போடு ஓர் ஓணான், தொண்டைத் தோலை விசிறி போல் விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தது.

“ஓணான் குஞ்சுதான?” என்றேன்.

“குஞ்சில்ல. வளந்ததே இம்புட்டுத்தான். பின்னங்கால்ல நாலு வெரலுதான் இருக்கு, பாரு. மத்த ஓணானுக்கு அஞ்சு.”

நீ ப்ளஸ் டூ படிக்கும்போது அவரிடம் சொன்னது அது. அன்றைக்குக் காதிலேயே வாங்காதவர் போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

நேற்று, கோடை மழை ஈரத்தில் உழ டிராக்டர் வந்தது. கல்குவியல் இருக்கிற மூலையில் மட்டும் இறங்க விடவில்லை. ஒரு சாண் வரப்புக்காகப் பங்காளியோடு சண்டைக்குப் போன மனுஷன். டிராக்டர் ஓட்டும் காளை, “ஏண்ணே, அந்த மூலைய விட்டுட்டீக?” என்று கேட்டான்.

“என் மக வந்து பாக்கணும்ல” என்றார்.

நிலம் முழுக்க மண் புரண்டு கிடக்கிறது. அந்த மூலை மட்டும் அப்படியே இருக்கிறது, கண்ணு.

உன் அம்மா