முழங்கையில் விழுந்த குத்துகள்

என் அன்பு மச்சான் துலுக்காணத்துக்கு,

இதை எழுதுவது நான்தான், ஏழுமலை. நீ நம்ப மாட்டாய். யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறான் என்று நினைப்பாய். இல்லை மச்சான். என் கை, என் பேனா. நீ கண்ணை மூடிய பிறகு கார்ப்பரேஷன் ஸ்கூலில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். எழுபத்தோரு வயதில் போய்ச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் முட்டி இடித்தது. என் உயரத்துக்கு அந்த பெஞ்சு கச்சிதமாக இருந்தது.

இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருப்பது எனக்குத் தெரிகிறது. மாத்திரை அட்டையில் தேதி தெரிகிறது. திருவொற்றியூரில் ஏறினால் ராயபுரம் வரை கடைப் பெயர்களை ஒன்று விடாமல் வாய்விட்டு வாசிக்கிறேன். பக்கத்து சீட்டு ஆள் தள்ளி உட்கார்ந்துகொள்கிறான். இத்தனை வருடம் இந்த ஊர் இவ்வளவு பேசிக்கொண்டா இருந்தது?

சந்தோஷம்தான். ஆனால் அசதி. நாலு வரி எழுதினால் தோள் இறங்கிவிடுகிறது. பேனாவை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்கிறேன். உடம்பின் அசதி பாதிதான். மீதி அசதி வேறு. அதை இறக்கி வைக்கத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் மகள் கஸ்தூரி நன்றாக இருக்கிறாள். காசிமேட்டில் நீ ஐஸ் உடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மீன் விற்கிறாள். என் வீட்டுக்காரி இறந்ததிலிருந்து எனக்கு மத்தியானச் சோறு உங்கள் வீட்டில்தான். நீ போன பிறகும் அது நிற்கவில்லை. "மாமா, வா, ஆறிடப் போவுது" என்று வாசலில் நின்று கூப்பிடுவாள். அந்தக் குரலை நம்பித்தான் பல நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறேன்.

போன மாதம் நம் பாக்சிங் கிளப்பில் புதுப் போர்டு வைத்தார்கள். பழைய வீரர்களின் பெயரெல்லாம் கறுப்புப் பெயிண்டில். ஆசையாகப் போனேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வந்து, கடைசி வரிசையில், மிகக் குறைந்த எடைக்கு நேராக, "ஏழுமலை" என்று வாசித்தேன். என் பெயரைச் சுவரில் நானே வாசித்தது அதுதான் முதல் தடவை. கண் நிறைந்துவிட்டது மச்சான். பிறகு உன் பெயரைத் தேடினேன். மேலே, கீழே, ஓரத்தில், மறுபடி மேலே.

செயலாளரிடம் கேட்டேன். "எடைக்கு ஒருத்தன், கடைசியா ஜெயிச்சவன் பேருதான் வரும் பெர்சு. தோத்தவன் பேரெல்லாம் எழுதுனா செவுரு பத்தாது" என்றார். நீ தோற்றவனாம்.

அவருக்கு என்ன தெரியும்? உன்னைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சின்ன எடைக்காரனின் பந்தயம்தான் எப்போதும் முதலில். லைட் போட மாட்டார்கள், வெயில் இறங்கியிருக்காது. ஜனம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு இடம் பிடிக்கும் நேரம். "இன்னாங்கடா இது, கோழிச் சண்டையா? பெரிய ஆளை ஏத்துங்கடா" என்று கத்துவார்கள். உனக்குக் கொசு என்று பெயர், எனக்கு மூட்டைப்பூச்சி. மற்றவர்கள் எடை குறைய வேண்டும் என்று பட்டினி கிடப்பார்கள். நீயோ, இவ்வளவுகூட எடை இல்லையென்றால் ஏற்ற மாட்டோம் என்று சொன்னதற்காக, தராசுக்குப் பக்கத்தில் நின்று வாழைப்பழமாகத் தின்றாய். ஒன்பதாவது பழத்தில் வாந்தி எடுத்தாய். திரும்ப முதலிலிருந்து தின்றாய்.

நம் எடையில் இந்தப் பக்கம் முழுக்கத் தேடினாலும் நீயும் நானும்தான். அதனால் நாம் இருவரே திரும்பத் திரும்ப மோதினோம். பதினோரு தடவை. உன் வித்தையை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதுவும் எதிரில் நின்று.

பெரிய உடம்புக்காரன் ஒரு தப்பு செய்தால் அடுத்த குத்தில் அதை மறைத்துவிடுவான். நமக்கு அந்த வசதி இல்லை. நம் குத்து யாரையும் சாய்க்காது. மூன்று ரவுண்டும் நின்று, ஒவ்வொரு அடிக்கும் வழி செய்துகொள்ள வேண்டும். நீ அந்த வழியைக் காலால் செய்தாய். மீன் ஏலம் போடும் ஈரத் தரையில் ஐஸ் தூக்கிப் பழகிய கால். அங்கே காலைத் தூக்கி வைத்தால் வழுக்கும். நீ தேய்த்துத் தேய்த்து நடப்பாய். மேடையிலும் அப்படியே. கால் தரையை விட்டு எழாது, ஆனால் ஆள் இடம் மாறியிருப்பான். உன் முன்னங்கால் என் முன்னங்காலுக்கு வெளிப்பக்கம் அரை அடி வந்து நின்றுவிடும். பிறகு என் வலது கைக்கு நீ அகப்பட மாட்டாய். உன் இடது கைக்கு நான் கதவு திறந்து வைத்த வீடு.

நீ என் கையைப் பார்க்கவே மாட்டாய். மார்பைப் பார்ப்பாய். தோள் அசையும் முன்பே உனக்குத் தெரிந்துவிடும். துள்ளி விலக மாட்டாய். நாலு விரல் அளவுதான் தலை நகரும். என் குத்து காதோரம் காற்றாகப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக என்னைச் சுற்ற வைத்து, வெயிலுக்கு முகமாக நிறுத்துவாய். கண் கூசும். அவ்வளவுதான், விலாவுக்குக் கீழே ஒன்று வரும். சத்தமே வராது. மூச்சு பாதி போகும். பார்க்கிறவனுக்கு நீ என்னை லேசாகத் தள்ளிவிட்டு நகர்ந்த மாதிரி இருக்கும்.

இதெல்லாம் வித்தை என்று அன்றைக்கு யார் சொன்னார்கள்? கொசு ஓடுது, பிடிடா என்றுதான் சொன்னார்கள்.

கடைசிப் பந்தயத்துக்கு வருகிறேன். கை இங்கேயே நிற்கிறது, தள்ளி எழுதுகிறேன். மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் பாக்சிங் டீம் சேர்த்தார்கள். ஒவ்வொரு எடையிலும் ஜெயிக்கிறவனுக்கு நிரந்தர வேலை. நம் எடையில் நாம் இருவர். அன்றைக்கு நான் வெறி பிடித்த மாதிரி குத்தினேன். எல்லாம் உன் முழங்கையிலும் கிளவுஸிலும் விழுந்தன. அதெல்லாம் கணக்கில் சேராது, ஆனால் பட் பட்டென்று நல்ல சத்தம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த நடுவர்களில் ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். என் கையைத் தூக்கினார்கள்.

நம் கிளப்புகளில் ஒரு வழக்கம் இருந்தது. தீர்ப்பு கோணலாகப் போனால், ஜெயித்தவன் போய்த் தோற்றவன் கையைத் தூக்கிக் காட்டுவான். வாய் திறக்க வேண்டாம். நடுவர்கள் திரும்பக் கூடிப் பேசுவார்கள். நீ என் பக்கத்தில் நின்றாய். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம். நான் தலையைக் குனிந்து, கிளவுஸ் லேஸைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தேன்.

நான் கம்பெனிக்குப் போனேன். நீ ஐஸுக்குப் போனாய். என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக நின்றாய். ஒரே ஒரு தடவை, டீக்கடையில், சிரித்துக்கொண்டே கேட்டாய்: "இன்னா மாமு, அன்னிக்கு உன் குத்தெல்லாம் என் மொழங்கைக்கு வந்து சலாம் வச்சிட்டுப் போச்சே, நெனப்பு கீதா?"

"டீ ஆறுது, குடிடா" என்றேன். குடித்தாய். அன்றைக்கு நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் மச்சான்?

இதுவரை எழுதியதைப் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கஸ்தூரியிடம் வாசித்துக் காட்டினேன். வாசிக்காமலே இருந்திருக்கலாம். அவளுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அவள் சோற்றைத் தின்றுகொண்டு, இதை ஊருக்கு எழுதி, அவளிடம் மறைப்பது எப்படி? காரப்பொடி மீன் குழம்பு ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முதலில் ஒரே கும்மாளம். "பார்றா, எங்க மாமா பேப்பர் பாத்துப் படிக்குது!" வாழைப்பழம் வந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். லேஸைக் கடித்த இடத்தில் சிரிப்பு நின்றது.

"அப்போ அந்த வேல எங்க வூட்டுக்கு வர வேண்டியதா?"

"ஆமாம்மா."

"எங்கப்பாவுக்கு ஐஸ் தூக்கித் தூக்கி வெரலு மரத்துப் போச்சி. சட்டைக்குப் பட்டன் நான்தான் போட்டுவுடுவேன். உனுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"பக்கத்துல குந்திகினு பாத்துகினே இருந்த."

நான் எழுந்திருக்கப் போனேன். "குந்து. தட்ட காலி பண்ணு" என்றாள். மறுநாள் வாசலில் யாரும் கூப்பிடவில்லை. தயங்கித் தயங்கிப் போனேன். தட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை. மூன்றாம் நாள் தாங்க முடியாமல், "திட்டிடும்மா, இப்படி இருக்காதே" என்றேன்.

"சோறு போடுவேன். போடலைன்னா எங்கப்பா கேப்பாரு. ஆனா அந்தப் போர்டுல அவரு பேரு வர்ற வரைக்கும் மாமான்னு என் வாய்ல வராது. நீயே எழுதணும். பெயிண்டரை வச்சி எழுதுனா, மீன் கழுவுன தண்ணிய மூஞ்சில ஊத்துவேன்."

கிளப்புக்குப் போனேன். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன்னோட பெரிய பேஜாரா பூட்ச்சி பெர்சு. போர்டுல எடமே இல்ல. வோணும்னா உன் பேர அடிச்சிட்டு அங்க எழுதிக்கோ" என்றார். கோபத்தில் சொன்னதுதான். நான், "சரி, ஞாயித்துக்கிழமை வரேன்" என்றேன்.

மறைக்க மாட்டேன் மச்சான், வலிக்கிறது. அந்த நாலெழுத்தை வாசிக்க எழுபத்தோரு வருடம் ஆனது. போர்டு வைத்ததிலிருந்து அதைப் பார்க்கவென்றே மூன்று தடவை பஸ் ஏறிப் போய்விட்டு வந்தேன்.

உன் பெயரைப் பழைய பேப்பரில் எழுதிப் பழகுகிறேன். ஆள் இத்தனூண்டு, பேர் எவ்வளவு நீளம்! என் பெயர் இருந்த இடத்தில் அடங்குமா தெரியவில்லை. கோடு கோணும். கோணினாலும் விட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கஸ்தூரி வந்து நிற்பாள். அவள் எதிரில் என் பெயரை நானே அழித்து, உன் பெயரை எழுதி முடித்துவிட்டுத்தான் ஸ்டூலை விட்டு இறங்குவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கஸ்தூரி இன்னும் மாமா என்று கூப்பிடாத
உன் மச்சான் ஏழுமலை