அப்பாவின் தோளும் உன் விரலும்

என் கண்ணு,

அம்மா எழுதுறேன். சுகமா இருக்கியான்னு கேட்டா சுகம்னுதான் சொல்லுவே, அதனால கேட்கலை. உனக்கு வலது கை விரல் மரத்துப் போகுதாம், அன்னிக்கு நீ வேலை பார்க்கிற பல் கிளினிக்ல ஒருத்தர் பல்லைக் காட்ட வாயைத் திறந்துட்டுப் படுத்திருக்கும்போதே கருவி உன் கையை விட்டு நழுவிடுச்சாம், உன் தம்பி சொல்லிட்டான். அம்மாகிட்ட மூச்சு விடாதேன்னியாமே, அவன் ஓட்டை வாய்னு தெரிஞ்சும் அவன்கிட்ட போய்ச் சொன்னே பாரு! அவனைத் திட்டாதே. டாக்டர்கிட்ட காட்டினா லீவு போடச் சொல்லுவாங்க, லீவு போட்டா வேலை போயிடும்னு நீ பயப்படுறியாம்.

இங்க உங்கப்பா கதையைக் கேளு. பட்டறையில நட்டு முறுக்கியே பழகின கை, வீட்டுல எதைத் தொட்டாலும் அதே வேகம்தானே. சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில் எதை அவர் மூடினாலும் திறக்க அவரேதான் வரணும். குழாய் ரிப்பேருக்கு வந்தவர், குழாயை மூடுறீங்களா இல்ல அதோட கழுத்தை நெரிக்கிறீங்களான்னு கேட்டுட்டுப் போனார், இவருக்கு அதுல ஒரே பெருமை. கொஞ்ச நாளா தோள் வலின்னு முகத்தைச் சுளிச்சுட்டே இருந்தார், காட்டலாம் வாங்கன்னா தானா சரியாயிடும்பார். போன செவ்வாய்க்கிழமை நான் துணிக்கடையில வேலையா இருக்கும்போது தோள் அப்படியே பிடிச்சுக்கிச்சு, கையைத் தூக்க முடியலை. வலி மாத்திரை போடலாம்னா அந்தப் பாட்டில் மூடியை முந்தின நாள்தான் இவரே இறுக்கி வெச்சிருக்கார்! தொடையில இடுக்கிப் பார்த்தாராம், பல்லால கடிச்சுப் பார்த்தாராம், ம்ஹூம். நான் சாயங்காலம் வந்தா பாட்டிலை மடியில வெச்சுட்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கார். முதல்ல சிரிப்புதான் வந்துச்சு, முகத்தைப் பார்த்ததும் அழுதுட்டேன். ஒரு போன் பண்ணக் கூடாதான்னா, நீ வேலையில இருப்பியேன்னார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். முன்னாடியே வந்திருந்தா சுலபமா சரியாயிருக்கும், இனிமே கை பழையபடி தலைக்கு மேல போறது சந்தேகம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். இப்போ நான்தான் சட்டை மாட்டி விடுறேன், தலை வாரி விடுறேன்.

நீ அச்சு அசல் அவரேதான். சின்னதுல பேனாவை நீ அழுத்துற அழுத்துல நோட்டு கிழியும். இப்பவும் வீடியோவுல பேசும்போது பார்க்கிறேனே, தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குது, சும்மா என்கூடப் பேசுறதுக்கே பல்லைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருக்கே. ஊரார் பல்லைப் பார்க்கிற நீயே இப்படிக் கடிச்சா உன் பல்லை யாருடி பார்ப்பா? கருவியைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிம்மா, அது எங்கயும் ஓடிடாது. ஒருத்தர் எழுந்து போய் அடுத்தவர் வர்றதுக்குள்ள கையைத் தொங்கவிட்டு உதறு, நல்லா மூச்சு விடு. ஆனா இதெல்லாம் அப்புறம். முதல்ல கையைக் கொண்டுபோய்க் காட்டு. வேலை போனா நம்ம வீடு இருக்கு, வந்து இரு, ஒரு கேள்வி கேட்க மாட்டோம்.

எழுதிட்டு இருக்கும்போதே அப்பா பின்னாடி வந்து நின்னு படிச்சார். ஏதாவது எழுதணுமான்னு கேட்டேன். அவ கையை நினைச்சா எனக்குப் பயமா இருக்குன்னு எழுதுன்னார். அவர் வாயிலேர்ந்து பயம்ங்கிற வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை கண்ணு. நாளைக்கே போய்க் காட்டிட்டு, முதல் போன் அவருக்குப் பண்ணு.

உன் கையும் மனசும் நல்லா இருக்கணும், மகராசியா இரு.

உன்னையே நினைச்சுட்டு இருக்கும்
அம்மா