என் அம்மாவுக்குத் தாலி கட்டிய ஃபிளெக்ஸ்

என் வெறுங்கழுத்து அழகிக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால், "செத்தவகிட்ட நலம் விசாரிக்கறது எந்த ஊர்ப் பகுத்தறிவு அம்மணி?" என்று நீ சிரிப்பாய். நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் நாத்தனார் என்றைக்காவது ஒருநாள் படிப்பார். அந்தக் காங்கேயத்து அத்தைக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

நீ போன மறுநாளே துடியலூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் உன்னைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பத்தடி ஃபிளெக்ஸ். முகம் என்னவோ உன் கம்பெனி அடையாள அட்டையில் இருந்த அதே முகம்தான். ஆனால் நெற்றியில் வட்டமாகக் குங்குமம், அதற்கு மேல் ஒரு கீற்றுத் திருநீறு, தலை நிறைய மல்லிகை, கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தாலி. மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. 'கண்நீறு அஞ்சலி' என்று போட்டிருந்தால் ஒரு பிழையும் இருந்திருக்காது. கீழே 'இறைவனடி சேர்ந்தார்'. இறைவன் அடித்திருந்தால் நீ திருப்பி அடித்திருப்பாய், அது எனக்குத் தெரியும்.

"அம்மா பொட்டே வெக்கமாட்டாங்களே அத்தை?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"சுமங்கலியாப் போன புண்ணியவதி கண்ணு அவ. நாலு சனம் பாக்கற எடத்துல மொட்டைக் கழுத்தா நின்னா என்ன பேசுவாங்க? கட்டுனவளா, வெச்சுக்கிட்டவளான்னு கேக்கமாட்டாங்களா?"

கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டே கண்ணில் குத்த எங்கள் ஊரில்தான் முடியும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மா, ஒரு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். வெச்சுக்கிட்டவளாம்.

பெருந்துறையில் ஒரு சின்ன மண்டபத்தில் நீயும் அப்பாவும் மாலை மாற்றி, உறுதிமொழி வாசித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீர்கள். ஐயரும் இல்லை, அம்மியும் இல்லை. "எங்களுது தாலிக் கல்யாணம் இல்லீங்க, தாள் கல்யாணம்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்வாய். பம்பு கம்பெனியில் மெஷின் பக்கம் போகும்போது மற்ற அக்காக்கள் தாலியை ஜாக்கெட்டுக்குள் திணித்துப் பின் குத்திக்கொள்ள, "எனக்குப் பாதுகாப்பு விதி பொறப்புலயே இருக்குதுங்க" என்று கையை வீசிக்கொண்டு போனவள் நீ.

இப்படிப்பட்ட கல்யாணங்கள் செல்லாது என்று நீதிமன்றமே சொன்ன காலம் ஒன்று இருந்ததாமே? அப்போதும் பயப்படாமல் மாலை மாற்றிக்கொண்டார்களே, அவர்களுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்திருக்கும்? அவர்கள் பிள்ளைகளை ஊர் என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிட்டிருக்கும்? பிறகு சட்டம் வந்து, செல்லும் என்றது. சட்டம் செல்லும் என்றதை, ஒரு ஃபிளெக்ஸ் கடைக்காரர் மவுஸை ஒரு சொடுக்குச் சொடுக்கிச் செல்லாததாக்கிவிட்டார்.

அதே படத்தைச் சட்டம் போட்டு நம் ஹாலில் வேறு மாட்டினார் அத்தை. அப்பா பார்த்தார். மேடையில் ஒரு மணி நேரம் பெண்ணுரிமை பேசுகிற உன் வீட்டுக்காரர், ஆணி அடிக்கச் சுத்தியலை எடுத்துக்கொடுத்தார். அவரை நான் சும்மா விடவில்லை. நினைத்த நாளிலெல்லாம் அவர் டீயில் உப்பு விழும். அவரும் மூச்சுக் காட்டாமல் குடிப்பார். எதற்கு என்று தெரிந்துதான் குடித்தாரோ?

ஒருநாள் உன் நெற்றிக் குங்குமத்தைப் போனிலாவது அழித்துப்பார்க்கலாம் என்று அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். விரல் வழுக்கிக் கழுத்துக்குப் போய்விட்டது. அம்மா, அந்தத் தாலியில் ஒரு புறா! குட்டிப் புறா, சிறகை விரித்துக்கொண்டு. கடைக்காரர் அவசரத்தில் யாரோ கிறிஸ்தவப் பெண்ணின் படத்திலிருந்து வெட்டி உன் கழுத்தில் ஒட்டியிருக்கிறார். நாத்திகியாகச் செத்தாய். அத்தை உன்னை இந்துவாக்கினார், கடைக்காரர் கிறிஸ்தவராக்கினார். செத்தபிறகு இரண்டு தடவை மதம் மாறிய ஒரே ஆள் நீதான்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் வருட நினைவு நாளுக்காகப் பத்திரப்படுத்தினேன்.

அன்றைக்கு அத்தை விளக்கேற்றி, விழுந்து கும்பிட்டு, "மகாலட்சுமியாட்டம் இருக்கறா பாரு" என்றார். நான் போனை நீட்டினேன்.

"கிட்டக்க பாருங்க அத்தை."

கண்ணாடியை மாட்டினார். "இதென்ன கண்ணு, கிளியா?"

"புறாங்க அத்தை."

"புறா எதுக்கு வந்துச்சு?"

"சமாதானம் பேசறதுக்குங்க."

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இது எங்க தாலியாச்சுங்களே!" சொன்னதோடு நிற்காமல் தன் தாலியை வெளியே எடுத்துப் படத்தோடு வைத்துக் காட்டினார். அச்சு அசல்.

"அட சாமி! ஒரு வருசமா இதுக்கா வெளக்கு வெச்சேன்?"

"எங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுப்போட்டீங்க, ரொம்ப நன்றிங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. எனக்குச் சிரிப்பை அடக்கமுடியாமல் விக்கல் வந்துவிட்டது.

ஆனால் அத்தை சாதாரண ஆளா? அடுத்த நிமிடமே, "தம்பி, இப்பவே கடைக்காரனுக்குப் போனப் போடு. நம்ம சாதித் தாலியா மாத்திப்போடச் சொல்லு" என்றார்.

அப்பா எழுந்தார். போனை எடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நேராகச் சுவருக்குப் போய்ப் படத்தைக் கழற்றினார்.

"நான் கட்டாதத நீங்க கட்டுனா எப்படிங்கக்கா?"

அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து அவர் டீயில் சர்க்கரைதான்.

அப்பாவோடு கணக்குத் தீர்ந்தது. அத்தையோடு எங்கே தீர்ந்தது? போன வாரம் போன் செய்தார். காங்கேயத்தில் மாமாவுக்கு மணிவிழா. "பேனரு நீயே பண்ணிக்குடு கண்ணு. மேல பெரியவங்க படத்தோட உங்கம்மாளையும் போட்டுரு. தாலி வேண்டாம், ஒரு பொட்டு மட்டுமாச்சும் வெச்சிரு, என்ன?"

"சரிங்க அத்தை" என்றேன். எதற்குச் சரி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அத்தையின் படம் திரையில் இருந்தது. அவர் கழுத்தைச் சுற்றிக் கர்சர் மூன்று தடவை போய்வந்தது. ஒரு சொடுக்கு போதும். செய்யவில்லை. அவர் கழுத்தில் இருப்பது அவர் விரும்பிப் போட்டது, அது அங்கேயே இருக்கட்டும். அடுத்தவர் கழுத்தில் கைவைக்கிற வேலை அவருக்குத்தான் பொருந்தும்.

என் பழி வேறு. இதோ சத்தியம், எந்தச் சாமி மேலும் இல்லை, உன் மேல். மண்டப வாசலில் நீதான் எல்லாரையும்விடப் பெரிதாக இருப்பாய். அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே, நெற்றியில் ஒன்றும் இல்லாமல், கழுத்தில் ஒன்றும் இல்லாமல். உனக்குக் கீழே நின்றுதான் அத்தை வருகிறவர்களை வரவேற்க வேண்டும். பக்கத்திலேயே நான் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பேன். கடைசி விருந்தாளி உள்ளே போகும்வரை நகரமாட்டேன். ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, பொட்டில்லாம இருக்கறாங்களே, அது யாருங்க?" என்று கேட்பார்கள். அத்தை தன் வாயாலேயே, அத்தனை பேருக்கும், சிரித்த முகத்தோடு சொல்லியாக வேண்டும்:

"எந்தம்பி பொண்டாட்டிங்க."

இப்படிக்கு,
உன் வயிற்றில் பிறந்த ஒரே வாரிசு, உன் வம்சத்தின் ஒரே வம்பு,
யாழினி