பெரிய கப்பல்களின் மீன்

என்னங்க,

செங்கல் சுமந்து உரிந்த தோள் ஆறியதா? இங்கே எல்லோரும் சுகம்.

நேற்று மீன் ஆலைக்கு ஓர் அதிகாரி வந்தார். "துறைமுகம் வந்தப்புறம் வாழ்க்கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நம் வலைக்கு ஒன்றும் விடாமல் வாரிப்போகும் கப்பல்களின் மீன்தான் என் கையில் இருந்தது. மேற்பார்வையாளர் என்னையே பார்த்தார்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

அதிகாரி போனதும் மேற்பார்வையாளர், "ஆள் பத்தலை. உங்க பெரியவளையும் திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார்.

"படிக்கிறாளேங்க."

"அப்போ உங்களுக்கும் சேர்த்து வேற ஆள் பார்த்துக்கிறேன்."

வீட்டில் பெரியவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. என் கையுறையை மாட்டிப் பார்த்து, "கொஞ்சம் பெருசா இருக்கும்மா" என்றாள்.

அங்கிருந்துகொண்டு நீங்கள்தான் என்ன செய்வீர்கள்? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பெரியவளின் அம்மா