கட்டில் காலில் உப்புக் கோடு

மட்டாஞ்சேரி,
தை அமாவாசை கழிந்து நாலாம் நாள்.

அன்பு மகள் அம்ருதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை வெங்கிடேஸ்வரனும் வயிற்றில் இருக்கும் குட்டி ஆளும் மஸ்கட்டில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் தொடுகிறேன், இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறார் என்று பயந்துவிடாதே. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள், மலையாளத்தில் எழுதினால் வாங்கிப் படித்துவிடுவாள், தமிழ் அவளுக்குப் பேச்சோடு சரி. நீயும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, மெதுவாகவே படி. உன் பிரசவத்துக்காக அம்மா முன் அறையை ஒதுக்கிக் கட்டிலுக்குப் பாலிஷ் போட்டு, தொட்டிலுக்குக் கொக்கியும் மாட்டிவிட்டாள். நாங்கள் படுக்கிற மாடிக்கு ஏணி மாதிரிப் படி, நீ ஏற முடியாது. சில நாள் அவள் நாலு மணிக்கே எழுந்து வீடெல்லாம் பினாயில் மணக்கத் துடைக்கிறாள், நீ வருகிற சந்தோஷத்தில் தூக்கம் போய்விட்டது என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நீ நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்கும்போது, நீ வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் காரில்தான் உன்னைக் கூட்டி வரவேண்டும் என்று இருந்தேன். கார்த்திகையிலிருந்து அதற்கு ஒரு நடுக்கம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நடுங்கும், காலை எடுத்தால் நின்றுவிடும், வல்லார்பாடம் போகிற பாலத்தில் ஏறும்போது ரொம்ப அதிகம். பெட்ரோல் வண்டி என்றால் இரைச்சலில் மறைந்திருக்கும், இது சத்தமில்லாத வண்டி, குளிர்காய்ச்சல்காரர் மடியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பிள்ளைத்தாய்ச்சியை இதில் எப்படி ஏற்றுவது? டயர் கடையில் பாலன்ஸ் எல்லாம் சரி என்றார்கள். வாங்கின இடத்தில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நான் விடுவேனா, காலண்டரில் நாள் குறித்து வந்தேன். மூன்று மாதமும் அமாவாசை கழிந்த மறுநாள்தான் நடுக்கம் கூடியிருந்தது. அடுத்த வீட்டுப் பிந்து இதைக் கேட்டு, சேட்டா, வண்டியில ஆரோ ஏறி இருக்காங்க, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சங்காய் வையுங்க என்றாள். அவளைத் திட்டி அனுப்பினேன், ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் அன்றிலிருந்து கண்ணாடியில் பின் சீட்டைப் பார்க்காமல்தான் ஓட்டினேன்.

நேற்று திருப்பூணித்துறையில் பிஜு என்கிற மெக்கானிக்கிடம் போனேன். அவன் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, சக்கரத்தில் கோளாறு என்றால் காலை எடுத்தாலும் நடுங்கும், இழுக்கும்போது மட்டும் நடுங்கினால் மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைத்தான் பார்க்கணும் என்றான். தூக்கி நிறுத்திக் கழற்றினான். ஷாஃப்டின் மூட்டு மேல் மாட்டியிருக்கிற ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சேறு, இரும்பெல்லாம் துரு. வண்டியின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. சேட்டா, வண்டிய ராத்திரி காயல் தண்ணியிலயா நிறுத்தி இடுறீங்க என்று கேட்டான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு தடவை இல்ல, பல தடவை உப்புத்தண்ணி கேறியிருக்கு என்றான். புது ஷாஃப்ட் போட்டுப் பாலத்தில் முழுக்க மிதித்துப் பார்த்தேன், மடியில் சாயா வைத்திருந்தாலும் தளும்பாது. ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. அமாவாசைக்குக் காயல் பொங்கி சாக்கடை ஓடை வழியாகத் திரும்பி ஏறும் என்பது முப்பத்திரண்டு வருஷம் கார்ப்பரேஷன் ஓடையில் வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? நம் தெருவுக்கு மட்டும் வராது என்று எல்லாரிடமும் வாய்ச்சவடால் அடித்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் வண்டி நிற்கிற ஷெட்டின் சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து சக்கரத்தின் பாதி உயரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், வாசல் படி மூன்றிலும் உப்புப் பூத்திருந்தது. முன் அறைக்குள் போய், தரை பளபளவென்று இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு உனக்காக வைத்த கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். நாலு காலிலும் இரண்டு விரல் உயரத்தில் அதே கோடு. நான் மேலே குறட்டை விட்டுத் தூங்கும்போது அது சத்தமில்லாமல் உள்ளே வந்து, உன் கட்டிலைச் சுற்றி நின்றுவிட்டு, விடிவதற்குள் போயிருக்கிறது. தலை நிமிர்ந்தால் அம்மா வாசலில் நிற்கிறாள், என்ன தேடுறீங்க என்றாள். ஒரு ஸ்க்ரூ விழுந்துவிட்டது என்றேன். இங்க ஒண்ணும் விழல, எழுந்திரிங்க என்றாள், முகத்தைப் பார்க்காமல். கொல்லையில் அவள் தரை துடைக்கிற துணி கொடியில் அப்பளம் மாதிரி விறைத்துத் தொங்கியது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. அவள் நாலு மணிக்கு எழுந்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது மகளே.

இந்த வீட்டுக்கு நீ வரவேண்டாம். பெற்ற மகளிடம் இப்படி எழுதுகிற அப்பனாக நான் இருப்பேன் என்று நினைத்ததில்லை. பிஜுவின் பட்டறைக்குப் பின்னால் மேட்டில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, நாளைக்குப் பேசி முடிக்கிறேன். விமான நிலையத்திலிருந்து வண்டி உன்னை அங்கேதான் கொண்டு வரும். ஆனால் அம்மாவிடம் நான் சொன்னால் எடுபடாது, பிரசவத்துக்கு நீ இந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்ற ஆசையில் இங்க ஒண்ணும் இல்லை என்றே சாதிப்பாள். டாக்டர் வேறு வீடு பார்க்கச் சொன்னார் என்று நீயே சொல், அப்போதுதான் அந்தத் துணியை அவள் கீழே வைப்பாள். தண்ணீர் வருவது தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, நீயும் உன் பிள்ளையும் நூறு வயசு இருக்கவேண்டும். மாத்திரையை மறக்காதே, படி ஏறி இறங்காதே. பௌர்ணமிக்கும் தண்ணீர் ஏறும். அதற்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது, அதற்குள் அம்மாவுக்குப் போன் பண்ணு.

உன் அப்பா,
பாலையா