மேடவாக்கம் விருந்து

சிட்லபாக்கம்,
2-6-1968

அன்புள்ள தம்பி குப்புராஜுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். ராணிப்பேட்டையில் அக்கா காந்திமதி வீட்டில் நீ சுகமா? போய் இரண்டு மாதமாகிறது, ஒரு கார்டு கூடப் போடவில்லை. ஓய்வு கோல் அடிக்கிற காலுக்குத்தான், கைக்குமா?

சீசன் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் அப்பாதுரை டீக்கடையில் வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது. நம் தாம்பரம் யூனியன் புட்பால் டீமின் சென்டர் பார்வர்டை, அதாவது உன்னை, பெங்களூர் தொழிற்சாலை டீம் ஒன்று இந்த சீசனுக்கு லோனில் கேட்கிறதாம். "இன்னாபா, ஆளைக் கூடவா லோன்ல குடுப்பாங்க? அவன் இன்னா வாடகை சைக்கிளா?" என்று அப்பாதுரை கத்துகிறார். சவுரிமுத்துவோ, நீ ஸ்வெட்டரே வாங்கிவிட்டாய் என்கிறான். கடைக்கு வருகிற நாற்பது பேருக்கும் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். எல்லாம் பொய் என்று ஒரு வரி எழுது.

உன் அண்ணன்,
சத்தியநாதன்

*

ராணிப்பேட்டை,
8-6-68

சத்தியநாதன் அண்ணனுக்கு குப்புராஜ் வணக்கம்.

ஸ்வெட்டர் பொய். மற்றது நிஜம்.

ஒரு சீசன் நன்றாக ஆடினால் தொழிற்சாலையிலேயே நிரந்தர வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். கல்குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றியது போதும் அண்ணா. அம்மாவும் ஜல்லி உடைத்தது போதும். போன மாதம் சில்லு தெறித்து அவள் கண்ணுக்குக் கீழே ஆறு தையல்.

நம் டீம் செக்ரட்டரி சார் சரி என்றுவிட்டார். 22-ம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் மெட்ராஸ் லீக் ஆபீஸில் நான் நேரில் வந்து கையெழுத்துப் போடணும். அதை விட்டால் இந்த வருஷம் இல்லை. பாரம் இங்கிலீஷில் இருக்கிறது, நீங்கள்தான் நிரப்பித் தரணும். டீக்கடையில் சொல்லிவிடாதீர்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

குப்புராஜ்

*

சிட்லபாக்கம்,
27-6-1968

அன்புத் தம்பிக்கு,

அக்கா வீட்டில் விட்டுவந்த சாமான்களை எடுக்கப் போனவன், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா?

சனிக்கிழமை நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்காதே. மேடவாக்கத்தில் சவுரிமுத்து குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டு அப்படியே ரயிலேறலாம் என்று உன்னைக் கூப்பிட்டது நான்தான். சாப்பிட்டு எழுந்து வந்தால் உன் சைக்கிளில் வால்வு டியூப் இல்லாமல் காற்று இறங்கிக் கிடக்கும் என்று யார் கண்டது? மற்றவர்களின் சைக்கிளெல்லாம் அதற்குள் கிளம்பிவிட்டன. உன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த நானும் தாம்பரம் வரைக்கும் உன்னோடு நடந்தேன். ஸ்டேஷன் கடிகாரத்தில் ஐந்தே கால். தேவசித்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பெங்களூர் எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த வருஷம் பார்க்கலாம். ஏழாம் தேதி முதல் மேட்ச். அப்பாதுரை உனக்காக ரோஜா மாலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். சீக்கிரம் வந்து சேர்.

சத்தியநாதன்

*

ராணிப்பேட்டை, 1-7-68

அண்ணா, வருகிறேன். பெங்களூரில் வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். என் சைக்கிளுக்கு நீங்களே புது வால்வு டியூப் போட்டு வீட்டில் விட்டுப்போனதாக அம்மா சொல்லி அனுப்பினாள். சந்தோஷம். குப்புராஜ்.

*

சிட்லபாக்கம்,
6-6-1971

அன்புள்ள குப்புராஜுக்கு,

முழங்கால் உடைந்து நீ ஆட்டத்தை விட்ட பிறகு நான் எழுதவே இல்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று டீக்கடையில் மறுபடியும் லோன் பேச்சு. நம் கோல்கீப்பர் வேதசிரோமணியை ஒரு மில் டீம் கேட்கிறது. 19-ம் தேதி கையெழுத்து. அவனை எப்படி நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருக்கும்போது சவுரிமுத்து என் பக்கம் திரும்பி, "சார், அந்த மேடவாக்கம் ஐடியா கீதே, அத்தையே வெச்சிக்கலாமே!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

குப்புராஜ், உன் வால்வு டியூபைக் கழற்றியது நான். நீ சொல்லாதே என்றதை டீக்கடையில் சொன்னதும், மற்றவர்களை முன்கூட்டியே கிளம்பச் சொன்னதும் நான். கால் வலிக்கிறது என்று வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேனே, எனக்குக் கால் வலியே இல்லை. நான் நிரப்பிய பாரம் உன் சட்டைப்பையில் இருந்தது. நீ இல்லாத மைதானத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை அன்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் பிழைப்பைக் கெடுத்த பாவி நான். முடிந்தால் மன்னித்துவிடு.

வேதசிரோமணி விஷயத்தில் நான் சேரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சத்தியநாதன்

*

ராணிப்பேட்டை,
13-6-71

சத்தியநாதன் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவும் இப்போது இங்கேதான் இருக்கிறாள். எனக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் வாட்ச்மேன் வேலை, நாற்காலி கொடுத்திருக்கிறார்கள்.

வால்வு டியூப் விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். விருந்தில் ஜெபம் பண்ண நீங்கள் எழுந்தபோது உங்கள் சட்டைப்பையில் அதைப் பார்த்தேன். சுற்றி இருந்த டீக்கடை ஆட்கள் என் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்தார்கள். அப்போதே எழுந்து ஓடியிருந்தாலும் ரயிலைப் பிடித்திருப்பேன். ஓடவில்லை. ஒரு ஆளை விடக்கூடாது என்று நாற்பது பேர் சேர்ந்து திருட்டுத்தனம் பண்ணுகிறார்களே, அந்த ஆள் நானா என்று இருந்தது. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படி வேண்டும் என்று சொன்னதில்லை. நீங்கள் வழியில் உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மாவை நினைத்தால்தான் வெட்கமாக இருந்தது. அந்தத் தப்பில் எனக்கும் பாதி இருக்கிறது. அதற்கு மன்னிப்பு வேண்டாம்.

முழங்காலுக்காக நாலு மாதம் தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் கட்டிலுக்கு எதிரே ஜன்னல். அதில் மின்சார ரயில் தெரியும். ஆபீஸ் விட்டு நீங்கள் வருகிற ஆறு மணி வண்டி எனக்குத் தெரியும். அது போன பிறகு அரை மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன், இறங்கி நடந்து வர அவ்வளவு நேரம்தான் ஆகும். நாலு மாதமும் அம்மா மட்டும்தான் வந்தாள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் வராததைப் பற்றி ஒரு வரி இல்லை.

வேதசிரோமணி விஷயத்தில் சேராமல் இருந்தால் போதாது. 19-ம் தேதி அவனை நீங்களே கூட்டிக்கொண்டு போய் ரயிலேற்றுங்கள். வண்டி நகருகிற வரைக்கும் பிளாட்பாரத்தில் நில்லுங்கள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

குப்புராஜ்